வலிக்க வலிக்கப் பிடிக்க வேண்டுமா?

(விளையாட்டு வீரர்களும் பயிற்சியாளர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் ஜெர்சியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு கேள்வி. கபடிப் போட்டி நடக்கிறது. நாள் முழுக்க ஆட்டம். அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறீர்கள். பெரிதாக ஒன்றும் வலிப்பதில்லை. மறுநாள் காலை எழும்போது தொடை கனக்கிறது. அதற்கடுத்த நாள் மாடிப்படியில் கால் வைக்க முடியவில்லை. ஏறுவதுகூடப் பரவாயில்லை, இறங்கும்போதுதான் உயிர் போகிறது. நாலைந்து நாளில் எல்லாம் தானாகவே சரியாகிவிடுகிறது. அடி விழுந்தால் அந்த நொடியே வலிக்கிறது. நெருப்புப் பட்டால் அந்த நொடியே சுடுகிறது. இந்த வலி மட்டும் ஏன் ஒருநாள் கழித்து வருகிறது?

மைதானத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். “லாக்டிக் ஆசிட் சேர்ந்திருக்கு தம்பி, நல்லா ஒரு பிடி பிடிச்சுவிட்டா கரைஞ்சு போயிடும்.” பயிற்சியாளர் சொல்வார், ஜிம் மாஸ்டர் சொல்வார், எண்ணெய்க் கிண்ணத்தோடு வருகிறவரும் சொல்வார். இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1907-ல் கேம்பிரிட்ஜில் ஃபிளெட்சர், ஹாப்கின்ஸ் என்ற இருவர், தவளையின் கால் தசை ஆக்சிஜன் இல்லாமல் வேலை செய்து களைக்கும்போது அதில் லாக்டிக் அமிலம் சேர்வதைக் காட்டினார்கள். தசை பற்றிய ஆய்வுகளுக்காக ஏ.வி. ஹில்லும் மையர்ஹாஃபும் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். அவர்களுடைய வேலையிலும் இந்த அமிலத்துக்குப் பெரிய இடம். அதற்குப் பிறகு களைப்பு, பிடிப்பு, வலி என்று எதுவந்தாலும் பழி அதன் தலையில்தான். கழிவு என்றும் பெயர் வைத்துவிட்டோம்.

அது கழிவே அல்ல. இதயமும் மற்ற தசைகளும் அதை எடுத்து எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. கடுமையாக ஓடி நிற்கும்போது ரத்தத்தில் ஏறியிருக்கும் லாக்டேட் (ரத்தத்தில் அந்த அமிலம் இருக்கும் வடிவம்), ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். யாரும் பிடித்துவிட வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்த மாலையே போய்விட்ட ஒன்று, இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் எப்படி வலிக்கும்?

1983-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை எளிமையாகச் சோதித்தார்கள். ஆட்களைச் சமதளத்திலும் இறக்கத்திலும் ஓடவைத்தார்கள். சமதளத்தில் ஓடியபோது லாக்டிக் அமிலம் ஏறியது, ஆனால் மறுநாள் வலி இல்லை. இறக்கத்தில் ஓடியபோது அமிலம் ஏறவே இல்லை, ஆனால் மறுநாள் நல்ல வலி. அத்தோடு இந்த வழக்கு முடிந்திருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளாகியும் மைதானத்துக்குத் தீர்ப்பு வந்துசேரவில்லை.

இறக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது? படியேறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. தசைக்குக் கடினமான வேலை இதுதான். ரெய்டுக்குப் போன தம்பி எதிரணியின் கோட்டருகே பாய்ந்து, சட்டென நின்று, உட்கார்ந்தெழுந்து திரும்புகிறானே, அந்த நிற்றலில்தான் தொடை அடிவாங்குகிறது. வாலிபாலில் ஸ்மாஷ் அடித்துவிட்டுத் தரையிறங்கும்போதும் அப்படித்தான். 1980களின் தொடக்கத்தில் ஸ்வீடனைச் சேர்ந்த யான் ஃப்ரிடேனும் அவர் குழுவினரும், மாடிப்படிகளில் இறங்கி ஓடவைக்கப்பட்டவர்களின் தசையிலிருந்து துணுக்கு எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தசை இழைகளுக்குள் வரிசையாக இருக்க வேண்டிய அமைப்புகள் ஆங்காங்கே கலைந்து கிடந்தன. அந்த நுண்ணிய சேதத்தைச் சரிசெய்ய உடல் ஆள் அனுப்புகிறது, அழற்சி உண்டாகிறது, அங்குள்ள வலி நரம்புகள் கூர்மையாகின்றன. இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். அதனால்தான் தாமதம். 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வலி உச்சம் தொட்டு, பிறகு தணிகிறது. பழுது பார்க்கப்பட்ட தசை அடுத்த முறை அதே வேலையை வலியின்றிச் செய்கிறது. சீசன் தொடக்கத்தில் வலிக்கிற அளவுக்கு நடுவில் வலிக்காததற்குக் காரணம் இதுதான்.

இப்போது மசாஜுக்கு வருகிறேன். பிடித்துவிட்டால் ரத்த ஓட்டம் பெருகும் என்பது இரண்டாவது நம்பிக்கை. கனடாவில் டீடஸ், ஷூமேக்கர் என்ற ஆய்வாளர்கள் 1990களில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, மசாஜ் நடக்கும்போதே தமனியில் ரத்தம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. தோல் சிவக்கிறது, சூடாகிறது, உண்மைதான். ஆனால் அது மேலோட்டமான சிவப்பு. உள்ளே தசைக்குப் போகும் ரத்தத்தைப் பெருக்க, எழுந்து மெதுவாக நடந்தாலே போதும். நடை அதைவிட நன்றாகச் செய்யும். 2010-ல் கனடாவிலேயே குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இன்னொரு படி போனார்கள். கடும் உடற்பயிற்சி முடிந்த கையோடு மசாஜ் செய்தபோது, அழுத்தும் கை தசைக்குப் போகும் ரத்தத்தைத் தடுத்தது; லாக்டேட் வெளியேறுவதும் தாமதமானது. நாம் சொல்லிவந்ததற்கு நேர் எதிர்.

மூன்றாவது நம்பிக்கை, ‘முடிச்சை உடைப்பது’. தசையைப் போர்த்தியிருக்கும் சவ்வு இறுகிவிட்டது, நான் கட்டைவிரலால் அதைப் பிரிக்கிறேன் என்பார்கள். 2008-ல் தொடையின் பக்கவாட்டுச் சவ்வையும் பாதத்தின் அடிச்சவ்வையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அவற்றை ஒரே ஒரு சதவீதம் அமுக்கவேண்டுமென்றாலே மனிதக் கை தரக்கூடியதைத் தாண்டிய விசை வேண்டும் என்று வந்தது. முழங்கையை ஊன்றி, முழு உடல் பாரத்தையும் இறக்கி, கீழே படுத்திருக்கும் பையன் துண்டைக் கடித்துக்கொண்டு அலறினாலும் அந்தச் சவ்வு பிரியப்போவதில்லை.

முன்வரிசையில் சிலர் முகம் வாடுகிறது. அப்படியானால் மசாஜே வீண் வேலையா? இல்லை. வலி குறைகிறது என்று காலங்காலமாக வீரர்கள் சொல்வது பொய்யில்லை. 2018-ல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள், ஐஸ் குளியல், இறுக்கமான காலுறை, நீட்சிப் பயிற்சி என்று மீட்புக்காகச் செய்யப்படும் பல முறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்டார்கள். தசைவலியையும் களைப்புணர்வையும் குறைப்பதில் முதலிடம் பிடித்தது மசாஜ்தான். 2016-ல் வெளியான பிரேசில் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. அயர்ன்மேன் என்ற போட்டியில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதன்மேல் ஒரு முழு மாரத்தானும் ஓடவேண்டும். அதை முடித்த 74 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் முன்தொடையில் மசாஜ் செய்தார்கள். எவ்வளவு நேரம்? ஏழு நிமிடம். வலியும் களைப்பும் அவர்களுக்குக் குறைந்திருந்தன. ஒரு மணி நேர ‘பேக்கேஜ்’ விற்கிறவர்கள் இந்த ஏழு நிமிடத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2020-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 29 ஆய்வுகளை, மொத்தம் 1012 பேரின் தகவல்களை, ஒன்றாகத் திரட்டினார்கள். மசாஜால் பலம் கூடுகிறதா? இல்லை. உயரத் தாண்ட முடிகிறதா? இல்லை. வேகமும் தாக்குப்பிடிக்கும் திறனும் கூடுவதற்கும் சான்றில்லை. உடல் வளைந்துகொடுப்பது கொஞ்சம் மேம்படுகிறது, மறுநாள் வலி கொஞ்சம் குறைகிறது. அவ்வளவுதான். மசாஜ் செய்துகொண்டதால் நூறு மீட்டரில் நேரம் குறையும் என்று யாராவது சொன்னால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நாளை மறுநாள் பயிற்சிக்கு முனகாமல் வரலாம் என்று சொன்னால் நம்பலாம்.

பலம் கூடாமல் வலி மட்டும் எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். மேசைக்காலில் முழங்கால் இடித்துக்கொண்டால் நீங்கள் முதலில் செய்வது என்ன? தேய்த்துவிடுகிறீர்கள். யாரும் சொல்லித்தரவில்லை; சின்னக் குழந்தையும் செய்கிறது. 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு அறிவியலாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள், வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளின் செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துகின்றன. அந்தக் கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னால் திருத்தப்பட்டன, ஆனால் அடிப்படை நிற்கிறது: வலி மூளைக்குப் போகும் வழியில் அதைக் கூட்டவும் குறைக்கவும் இடங்கள் உண்டு. இன்னொன்றும் உண்டு. மயிருள்ள தோலில், மெதுவான வருடலுக்கென்றே தனி நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் நீவினால் அவை நன்றாக விழிக்கின்றன. அவை கொண்டுபோகும் செய்தி இதமாக உணரப்படுகிறது. நாள் முழுக்க எதிராளியை முறைத்து, விசில் சத்தத்துக்குத் துடித்து, தோல்வியை நினைத்து முறுக்கேறிக் கிடக்கும் உடல், அந்த நீவலில் தளர்கிறது. மூச்சு நிதானமாகிறது. அன்றிரவு தூக்கம் வருகிறது.

தசைக்குள்ளேயே ஒன்றும் நடப்பதில்லையா? நடக்கிறது போலத்தான் தெரிகிறது. 2012-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களை ஓயும்வரை சைக்கிள் மிதிக்கவைத்து, ஒரு காலுக்கு மட்டும் பத்து நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு தொடைகளிலிருந்தும் சதைத் துணுக்கு எடுத்தார்கள். மசாஜ் பெற்ற காலில் அழற்சியின் அடையாளங்கள் குறைவு. தசைக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கும் சமிக்ஞை அதிகம். லாக்டேட்டிலோ இரண்டு காலுக்கும் வித்தியாசமே இல்லை. 2021-ல் ஹார்வர்டில், காயப்பட்ட எலித் தசையைச் சின்ன இயந்திரத்தால் பதினான்கு நாள் அழுத்தியபோது, வேண்டாமல் தங்கிவிட்ட அழற்சிச் செல்கள் வெளியேறி இழைகள் நன்றாகத் தேறின. நல்ல செய்திகள்தான். ஆனால் 11 பேர் என்பது சின்ன எண், எலி எலிதான். இதை வைத்துக்கொண்டு ‘அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்று போஸ்டர் அடிக்க நான் வரமாட்டேன்.

நான் இவ்வளவும் சொன்னது ஒரு காரணத்துக்காக. மசாஜின் பலன் பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் வழியாக வருகிறது என்றால், நம் மைதானங்களில் வேரூன்றிப்போன அந்தப் பழக்கத்துக்கு அடிப்படையே கிடையாது: வலிக்க வலிக்கப் பிடித்தால்தான் சரியாகும் என்ற பழக்கம். பதினாலு வயதுப் பையனைக் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் பின்தொடையில் முழங்கையால் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். “தாங்கிக்கடா, ஆம்பளதானே” என்று சுற்றி நிற்பவர்கள் ஊக்கம் வேறு தருகிறார்கள். ஏற்கெனவே உள்ளுக்குள் சேதமான தசை அது. அதன்மேல் இன்னொரு சேதம். வலியில் அவன் உடல் இறுகுகிறது. தளர்த்துவதற்காகச் செய்யும் வேலையே அவனை முறுக்குகிறது. பிடித்து முடித்ததும் ‘லேசாக இருக்கிறது’ என்பான். கட்டிவைத்து அடித்தவன் கைவிட்டாலும் லேசாகத்தான் இருக்கும். பூஜ்யம் முதல் பத்து வரை வலிக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். நாலைத் தாண்டினால் கையைத் தளர்த்துங்கள். ‘நல்ல வலி’ என்று வீரர்களே சொல்லும் ஓர் அழுத்தம் உண்டு. மூச்சுவிட்டபடி பேசிக்கொண்டே தாங்கக்கூடியது. பேச்சு நின்று பல்லைக் கடித்தால் எல்லை தாண்டியாயிற்று.

நம் மரபு இதைவிட நிதானமானது. சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகளில் தொக்கணம் என்று ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறார்கள். களரியில் மழைக்காலத்தில் எண்ணெய் பூசி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் உழியும் முறை இருக்கிறது. மேற்கே கேலன் என்ற கிரேக்க மருத்துவர், பெர்கமோன் நகரில் கிளேடியேட்டர்களுக்கு வைத்தியம் பார்த்தவர், இரண்டாம் நூற்றாண்டிலேயே பயிற்சிக்கு முன்னும் பின்னும் எப்படித் தேய்க்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்தார். இன்று ‘ஸ்வீடிஷ் மசாஜ்’ என்ற பெயரில் நடக்கும் நீவல், பிசைதல், தேய்த்தல், தட்டல் ஆகியவற்றை வகைப்படுத்தியவர் ஸ்வீடன்காரர் அல்ல, மெட்ஸ்கர் என்ற டச்சு மருத்துவர் என்பது பொதுவான கருத்து. யார் முதலில் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஓடியாடி உழைக்கும் உடல் இருந்த இடமெல்லாம் கை போயிருக்கிறது.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சற்று நின்று பேச ஆசை. இத்தாலியில் நோவி லிகுரே என்ற ஊரில் பியாஜோ கவான்னா என்று ஒருவர் இருந்தார். சைக்கிள் பந்தய வீரர்களுக்கு மசாஜ் செய்கிறவர். பார்வை இல்லாதவர். அந்த ஊரில் இறைச்சிக்கடையில் வேலைக்கிருந்த ஃபாஸ்தோ கோப்பி என்ற ஒல்லிப் பையன், சைக்கிளில் வீடு வீடாகச் சரக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவன், இவரிடம் வந்துசேர்ந்தான். கவான்னா அவனைக் கையால் தடவிப் பார்த்தே ஆளை எடைபோட்டார் என்பார்கள். 1940-ல் அந்தப் பையன் இத்தாலியின் ஜிரோ பந்தயத்தை வென்றான். 1949-ல் ஜிரோ, டூர் டி பிரான்ஸ் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் மனிதன் ஆனான். கவான்னா அவனுக்கு மசாஜ் செய்பவராகவும் குருவாகவும் இருந்தார். என்ன தின்பது, எப்போது தூங்குவது, எவ்வளவு மிதிப்பது எல்லாம் அவர் சொல்படிதான்.

அந்தக் கை கோப்பியின் காலிலிருந்து எந்தக் கழிவையும் பிழிந்து எடுத்திருக்கப் போவதில்லை. ஆனால் அதே காலை அன்றாடம் தொட்டுவந்த கை அது. நேற்று எப்படி இருந்தது, இன்று எங்கே இறுகியிருக்கிறது, எந்த இடத்தைத் தொட்டால் ஆள் நெளிகிறான் என்று தெரிந்த கை. என்னைக் கேட்டால் மசாஜின் மிகப் பெரிய பயன் இதுதான். இது எந்த ஆய்வுக் கணக்கிலும் வருவதில்லை. ஓட்டப்பந்தயத் தங்கை ஒருத்தியின் முழங்கால் கீழ் எலும்பில், ஒரு விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் தொட்டதும் சுளீரென்கிறது என்றால், அது எலும்பில் மயிரிழை விரிசலின் தொடக்கமாக இருக்கலாம். வாரம் தவறாமல் தொடும் கைக்கு அது முதல் வாரத்திலேயே தட்டுப்படும். அந்தத் தங்கை பயந்துகொண்டு பயிற்சியாளரிடம் சொல்லாமல் மறைத்தாலும் தட்டுப்படும். 1987 முதல் 1998 வரை நடந்த பெரிய தடகளப் போட்டிகளில் பிசியோக்கள் செய்த சிகிச்சைகளைக் கணக்கெடுத்தபோது, கிட்டத்தட்ட 45 சதவீதம் மசாஜாகவே இருந்தது. வீரர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். மேசையில் படுத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், மனத்தில் இருப்பதைச் சொல்கிறார்கள்.

மனம் திறக்கும் இடம் என்பதாலேயே அது ஆபத்தான இடமும்கூட. 1998-ல் டூர் டி பிரான்ஸ் தொடங்குவதற்குச் சில நாள் முன், ஃபெஸ்டினா என்ற சைக்கிள் அணியில் மசாஜ் உள்ளிட்ட பணிகளைப் பார்த்துவந்த வில்லி வூட் என்பவரை பிரான்ஸ் எல்லையில் நிறுத்தினார்கள். கார் நிறைய ஊக்கமருந்து. அந்த விளையாட்டையே உலுக்கிய ஊழல் அங்கிருந்துதான் வெடித்தது. அதே தொழிலில் இருந்த எம்மா ஓ’ரைலி என்ற அயர்லாந்துப் பெண்ணோ, சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் அணியில் தான் கண்ட ஊக்கமருந்துப் பழக்கத்தைத் துணிந்து வெளியே சொன்னார். அதற்காகப் பல ஆண்டுகள் அவதூறைச் சுமந்தார். பெற்றோர்களிடம் இதைவிட முக்கியமான ஒன்றைப் பேசவேண்டும். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் நூற்றுக்கணக்கான சிறுமிகளையும் பெண்களையும் பாலியல் கொடுமை செய்தார். 2018-ல் 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைத்தது. சில பிள்ளைகளின் பெற்றோர் அதே அறையில் இருந்தபோதே அது நடந்திருக்கிறது. ‘டாக்டர் செய்தால் சரியாகத்தான் இருக்கும்’ என்ற மரியாதை அவருக்குத் திரையாக இருந்தது.

ஆகவே, கூச்சப்படாமல் சொல்கிறேன். பிள்ளைக்கு மசாஜ் நடக்கும் இடத்தில் கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும். எங்கே, எதற்காகத் தொடப்போகிறோம் என்று முதலிலேயே சொல்லி, பிள்ளையின் சம்மதம் கேட்க வேண்டும். ஷார்ட்ஸ் போட்டபடியே தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் செய்துவிடலாம். உடையைக் களையச் சொல்ல வேண்டிய அவசியம் வருவதே அபூர்வம். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பிசியோ கிடைத்தால் நல்லது. ‘வேண்டாம் சார்’ என்று பிள்ளை சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது. அதற்காக அணியிலிருந்து நீக்கி உட்கார வைக்கிறேன் என்று யாராவது மிரட்டினால் சிறார் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பயிற்சியாளருக்கும் பொருந்தும், பிசியோவுக்கும் பொருந்தும்.

தொடக்கூடாத உடல்நிலைகளும் சில உண்டு. எதிராளியின் முழங்கால் முன்தொடையில் பலமாக இடித்து ரத்தக்கட்டு வந்திருக்கிறது என்று வையுங்கள். கபடியிலும் கால்பந்திலும் வாரம்தோறும் நடப்பது. ‘கட்டின ரத்தத்தைக் கலைக்கிறேன்’ என்று முதல் சில நாட்களில் அதைப் பிசைந்தால் உள்ளே கசிவு கூடும். சிலருக்கு அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கிவிடும். மாதக்கணக்கில் ஆட்டம் போய்விடும். கணுக்கால் சுளுக்கிய அன்றைக்கே சுளுக்கு வழிக்கிறேன் என்று திருகுவதும் இதே ரகம். தசைநார் கிழிந்திருக்கிறதா, எலும்பு விட்டிருக்கிறதா என்று பார்க்காமல் கை வைக்கக்கூடாது. முதல் மூன்று நாள் மசாஜ் வேண்டாம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலிக்கிறது. நீண்ட பேருந்துப் பயணமோ படுக்கையோ முன்னால் இருந்தது. இப்படி ஒருவர் வந்தால் அது ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். பிடித்துவிட்டால் அந்த உறைவு பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரை எடுக்கக்கூடும். கடுமையான பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போகிறது, தசை கல்லாக வீங்கியிருக்கிறது என்றால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம், நேராக மருத்துவமனை. இப்போது எல்லார் பையிலும் இருக்கிறதே, துப்பாக்கி மாதிரி தட்டும் மசாஜ் கருவி, அதைச் சைக்கிள் பயிற்சிக்குப் பின் பயன்படுத்தியதால் சீனாவில் ஓர் இளம்பெண்ணுக்கு இப்படித் தசை சிதைந்ததை மருத்துவ இதழில் பதிவுசெய்திருக்கிறார்கள். கருவி மேல் எனக்கு விரோதம் இல்லை. சதைப்பற்றுள்ள இடத்தில் ஓரிரு நிமிடம், எலும்பின் மேலும் கழுத்தின் முன்பக்கத்திலும் கூடவே கூடாது.

படர்தாமரை இருக்கும் தோலைத் தேய்க்காதீர்கள். கபடி விரிப்பில் புரளும் ஆட்டக்காரர்களிடம் அது எவ்வளவு வேகமாகப் பரவும் என்று பயிற்சியாளர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரே எண்ணெய்க் கிண்ணத்தில் கைவிட்டு, ஒரே துண்டால் துடைத்து, பன்னிரண்டு பேருக்கும் அடுத்தடுத்து மசாஜ் செய்தால் அந்தக் கையும் அதைப் பரப்பும். இனி தைலத்துக்கு வருவோம். வலி நிவாரணி களிம்புகளில் வாசனையாக இருக்கிறதே, பலவற்றில் அது மீத்தைல் சாலிசிலேட். ஆஸ்பிரினுக்கு உறவுக்கார மருந்து, தோல் வழியாக உடலுக்குள் போகும். 2007-ல் நியூயார்க்கில் 17 வயது ஓட்டப்பந்தய மாணவி ஒருத்தி, இந்த மருந்து அடங்கிய களிம்புகளை அளவுக்கு மேல் உடம்பெங்கும் பூசியதாலேயே இறந்தாள். உருளைக்கிழங்கு அளவு தைலம் எடுத்து இரண்டு காலுக்கும் முதுகுக்கும் அப்பி, அதன்மேல் இறுக்கமாகக் கட்டுப் போட்டு, போதாதற்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். நிறுத்துங்கள். வழுக்கலுக்குத் தேங்காய் எண்ணெய் போதும்.

எப்போது செய்வது? ஆட்டத்துக்கு முன் ஆழமாகப் பிசையாதீர்கள், தசை சோம்பிப்போகும். மேலோட்டமாக, சுறுசுறுப்பாக, ஐந்து நிமிடம். அதுவும் வார்ம்-அப்புக்குக் கூடுதலாக. அதற்குப் பதிலாக அல்ல. ஆட்டம் முடிந்ததும் முதலில் மெதுநடை, தண்ணீர், சாப்பாடு. பிறகு மாலையில் ஏழு முதல் பன்னிரண்டு நிமிடம், பாதத்திலிருந்து மேல்நோக்கி நீண்ட நீவல், நடுவே மென்மையான பிசைவு. ஆழமான வேலை ஏதும் தேவைப்பட்டால் ஓய்வு நாளில். கெண்டைக்காலை இழுத்துப் பிடித்துக்கொண்டால் பிசைவதற்கு முன் பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடியுங்கள். அதுதான் முதலில் விடுவிக்கும்.

காசு இல்லையென்றால் மசாஜை விட்டுவிடுங்கள், தூக்கத்தை விடாதீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்களைச் சில வாரம் கூடுதலாகத் தூங்கவைத்தார்கள். 2011-ல் வெளியான முடிவின்படி அவர்களுடைய ஓட்டம் வேகமானது, ஃப்ரீ த்ரோவில் கூடைக்குள் விழுந்த பந்துகள் 9 சதவீதம் கூடின. எந்தக் கையாலும் எந்த எண்ணெயாலும் இதைத் தர முடியாது. விடிய விடிய மின்னொளிக் கபடி நடத்திவிட்டு, காலையில் மசாஜ் ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று பெருமைப்படும் விழாக் குழுவினர் இதைக் கேட்க வேண்டும்.

நான் சொன்னதையும் அப்படியே நம்ப வேண்டாம். மெக்மாஸ்டரில் செய்ததை, ஊசி இல்லாமல், நீங்களே செய்து பார்க்கலாம். அடுத்த கடும் பயிற்சி முடிந்த மாலை, வலது முன்தொடைக்கு மட்டும் பத்து நிமிடம் வலியில்லாமல் நீவிவிடுங்கள். இடது தொடையைத் தொடாதீர்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் காலையில் படியிறங்கும்போது இரண்டு தொடைக்கும் தனித்தனியாகப் பத்துக்கு எத்தனை வலி என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த முறை காலை மாற்றிக்கொள்ளுங்கள். பதினைந்து பேர் உள்ள அணி ஒரு மாதம் செய்தால் பயிற்சியாளர் கையில் ஒரு கட்டுத் தாள் சேரும். எந்தப் பிள்ளைக்குக் கேட்கிறது, எந்தப் பிள்ளைக்குக் கேட்கவில்லை என்று அதில் தெரியும். தாள்களை முன்வாசலில் வைத்திருக்கிறேன், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.